பழைய கோதிக் நாவல்களில் பயம் எங்கே இருக்கிறது?

#1 பாழ்மாடம்

கோதிக் நாவல்களை, அதாவது பாழ்கோட்டையும் மர்மமும் திகிலும் நிறைந்த பழைய ஆங்கிலக் கதைகளை, ஆசையாகக் கையில் எடுத்து, ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் மூடி வைப்பவர்கள் நிறையப் பேர். காரணம் கேட்டால் மூன்றில் ஒன்று வரும். பயமே வரவில்லை, வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது, கதை முழுக்க ஏற்கெனவே தெரியும். மூன்றும் உண்மையான இடர்கள், மழுப்ப வேண்டியதில்லை. அப்படியும் 1764-இல் வந்த வால்போலின் ‘ஓட்ராண்டோ கோட்டை’ முதல் 1898-இல் வந்த ஹென்றி ஜேம்ஸின் ‘டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ வரை இந்த வரிசைக்கு இன்றும் வாசகர்கள் இருக்கிறார்கள்.

சூழல்தான் ஈர்ப்பு என்பது என் எண்ணம். இடிந்த மாடம், அணையப்போகும் விளக்கு, யாரும் நுழையாத ஓர் அறை. கதை என்னவானாலும் சரி, அந்த இருட்டுக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரவே படிக்கலாம்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? வாசகர் எங்கே சறுக்குகிறார், எதை முதலில் எடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரிய முடிச்சுகளை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள்.

#2 ஏட்டுப்பூச்சி

> சூழல்தான் ஈர்ப்பு

பாதிதான் ஒத்துக்கொள்வேன். சூழல் வெறும் மேடை. யாருக்கு எவ்வளவு தெரியும், யாருக்கு எப்போது தெரியவரும் என்கிற கணக்கில்தான் பயம் இருக்கிறது.

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) 27 அத்தியாயங்கள் கொண்டது. முதல் நான்கும், டிராகுலா பிரபுவின் கோட்டைக்கு வேலையாக வந்த இளம் வழக்கறிஞன் ஹார்க்கரின் நாட்குறிப்பு. பிரபு கோட்டைச் சுவரில் தலைகீழாக ஊர்ந்து இறங்கும் காட்சியை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அதே மூன்றாம் அத்தியாயத்தில், அதற்கு முன்பே, பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஓர் இடம் உண்டு. ஹார்க்கர் தன் அறைக்குத் திரும்புகிறான். பிரபு அவனுக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறார். பிறகு கதவுக் கீல் இடுக்கு வழியே பார்த்தால், சாப்பாட்டு மேசையையும் அவரே எடுத்து வைக்கிறார். அப்படியானால் இந்தக் கோட்டையில் வேலைக்காரர்களே இல்லை. அப்படியானால் முதல் இரவு ஓநாய்களைக் கையசைத்து விலக்கிவிட்டு வண்டி ஓட்டி வந்தவனும் இவரேதான். கோரமாக எதுவும் நடக்கவில்லை, ஒருவர் வீட்டு வேலை செய்கிறார். ஆனால் அவ்வளவு பெரிய கட்டடத்தில் மூன்றாவது ஆள் கிடையாது என்பது ஹார்க்கருக்கும் நமக்கும் ஒரே நொடியில் உறைக்கிறது.

நான்காம் அத்தியாயத்தில் இன்னொன்று. ஊருக்கு மூன்று கடிதங்களை இப்போதே எழுதித் தரும்படி பிரபு கேட்கிறார். வேலை முடியப்போகிறது, கிளம்புகிறேன், கோட்டையை விட்டு வந்துவிட்டேன் என்று ஒவ்வொன்றிலும் ஒரு செய்தி. எந்தத் தேதி போடுவது என்று ஹார்க்கர் கேட்க, அவர் யோசித்துச் சொல்கிறார்: ஜூன் 12, ஜூன் 19, ஜூன் 29. தன் ஆயுள் எதுவரை என்பது இப்போது தெரிந்துவிட்டது என்று ஹார்க்கர் எழுதி வைக்கிறான். அன்று மே 19. கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை, மூன்று தேதிகள் மட்டும். இதை வேகமாகப் படித்தால் ஒன்றுமே இல்லை. நின்று நாட்களை எண்ணிப் பார்த்தால் கை சில்லிடும்.

#3 கீல்சத்தம்

அருமையான இடம். ஆனால் நான்காம் அத்தியாயத்துக்குப் பிறகு பிரபு ஏறக்குறைய மறைந்தே போகிறாரே? பலரும் புத்தகத்தை விடுவது அங்கேதான். அப்புறம், வெயில் பட்டால் அவர் சாம்பலாகிவிடுவார் என்பது நாவலில் எந்த இடத்தில் வருகிறது?

#4 ஏட்டுப்பூச்சி

வெயில் விஷயம் நாவலில் கிடையாது. பகலில் அவருடைய சக்தி குறையும், அவ்வளவுதான். 13-ஆம் அத்தியாயத்தில் லண்டன் பிக்காடில்லியில் பட்டப்பகலில் நிற்கிறார், ஹார்க்கரே பார்க்கிறான். சூரிய ஒளியில் அழிவது 1922-இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ படத்திலிருந்து பரவியது. அந்த எதிர்பார்ப்போடு படித்தால் நாவல் தப்பு செய்வதுபோல் தோன்றும்.

ஐந்தாம் அத்தியாயத்தைக் கடக்கும் வழி இதுதான். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: தேதி, எழுதுபவர், அவருக்கு என்ன தெரியாது. மூன்றாவது பத்திதான் முக்கியம். ஹார்க்கர் மணக்கப்போகும் மீனாவும் அவள் தோழி லூசியும் கல்யாணம், காதல் என்று எழுதிக்கொண்டிருக்கும் கடிதங்கள் தனியே பார்த்தால் சப்பென்று இருக்கும். கோட்டையில் ஐம்பது மண்பெட்டிகள் தயாராகிவிட்டன என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் கதை ஓடுகிறது.

ஏழாம் அத்தியாயத்துக் கப்பல் பதிவேடு இந்த முறைக்கு உச்சம். ‘டெமீட்டர்’ வார்னாவிலிருந்து விட்பி துறைமுகத்துக்கு வருகிறது. மாலுமிகள் ஐந்து பேர், துணைத் தலைவர்கள் இருவர், சமையல்காரர், கேப்டன். ஜூலை நடுவில் ஒருவன் காணவில்லை. சில நாள் கழித்து இன்னொருவன். கேப்டன் நறுக்கென்று குறிப்பெழுதிக்கொண்டே போகிறார். பதிவேட்டில் டிராகுலா என்ற பெயரே வராது. உயரமாய், ஒல்லியாய், வெளிறிப்போய் ஏதோ ஒன்று கப்பலில் இருப்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். பெயர் தெரிந்தவர் வாசகர் மட்டுமே. பிரபு மறைந்துபோனார் என்றீர்களே, இங்கே ஒவ்வொரு வரியிலும் அவர்தான் இருக்கிறார்.

அடுத்து லூசியின் நோய். நான்கு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக ரத்தம் கொடுக்கிறார்கள். ரத்த வகைகள் கண்டறியப்பட்டது 1901-இல், நாவல் வந்து நான்கு ஆண்டு கழித்து. இன்றைய வாசகருக்கு அங்கே இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பகுதியில் லூசிக்கு வைத்தியம் பார்க்கும் வான் ஹெல்சிங் அனுப்பும் தந்தியின் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு இருக்கிறது: மாவட்டப் பெயர் போடாததால் வேறு ஊருக்குப் போய், 22 மணி நேரம் தாமதமாக வந்தது என்று. அந்த இரவு லூசிக்குக் காவல் இல்லை. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த பிசாசுக்கு வழி திறந்துவிட்டது ஒரு முகவரிப் பிழை. சுருக்கப் பதிப்புகளில் முதலில் வெட்டுப்படுவது இப்படிப்பட்ட குறிப்புகள்தான். 27 அத்தியாயமும் கப்பல் பதிவேடும் இல்லாத பிரதியை வாங்காதீர்கள்.

#5 கருந்திரை

தெரியாமை பற்றிப் பேசினால் ஆன் ராட்கிளிஃபை விட முடியாது. ‘மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ’ 1794-இல் நான்கு தொகுதிகளாக வந்தது. அதற்கு அவர் பெற்ற 500 பவுண்டு அன்றைக்கு ஒரு நாவலுக்குப் பெரிய தொகை. அவர் இறந்தபின் 1826-இல் வெளியான ஒரு கட்டுரையில் ‘டெரர்’, ‘ஹாரர்’ இரண்டையும் பிரிக்கிறார். முதலாவது மனத்தை விரித்து எல்லாப் புலன்களையும் விழிக்க வைக்கும். இரண்டாவது மனத்தைச் சுருக்கி உறைய வைக்கும். தமிழில் முன்னதைத் திகில் என்றும் பின்னதைக் கோரம் என்றும் வைத்துக்கொள்ளலாம். கதவுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்பது திகில். கதவைத் திறந்து பிணத்தைக் காட்டுவது கோரம்.

உடால்ஃபோ கோட்டையில் நாயகி எமிலிக்குக் கொடுக்கப்படும் அறையைப் பாருங்கள். அதில் இரண்டாவதாக ஒரு கதவு. திறந்தால் செங்குத்தான குறுகிய படிக்கட்டு கீழே இறங்குகிறது. அந்தக் கதவுக்கு அறையின் பக்கம் தாழ்ப்பாள் கிடையாது, மறுபக்கம் இரண்டு இருக்கின்றன. அவள் ஒரு கனத்த நாற்காலியை இழுத்து அணை கொடுத்துவிட்டுப் படுக்கிறாள். காலையில் பார்த்தால் மறுபக்கத்துத் தாழ் போடப்பட்டிருக்கிறது. பேய் எதையும் காட்டாமல் ஒரு தாழ்ப்பாளை மறுபக்கம் வைத்தே இதைச் செய்கிறார் ராட்கிளிஃப். இதற்குமேல் சூழல் என்ற சொல்லே தேவைப்படாது.

கறுப்புத் திரை விஷயமும் இப்படித்தான். எமிலி திரையை விலக்குகிறாள், மயங்கி விழுகிறாள், என்ன பார்த்தாள் என்பதை ஆசிரியர் சொல்வதில்லை. விளக்கம் நாவலின் கடைசியை ஒட்டித்தான் வரும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் அந்தக் கேள்வி நம்மோடேயே நடக்கிறது. தயவுசெய்து யாரும் இங்கே விடையைப் போட வேண்டாம்.

சறுக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் தொகுதியில் கோட்டையே வராது. பிரான்ஸின் தெற்கே மலை, பள்ளத்தாக்கு, அந்திவானம் என்று பயணம்தான். ராட்கிளிஃப் இத்தாலியைப் பார்க்காமலே, பயண நூல்களையும் ஓவியங்களையும் வைத்து எழுதியவர். ஆகவே அந்த வருணனைகளை ஓவியம் பார்ப்பதுபோல் படிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். அவசரப்பட்டு முதல் தொகுதியைத் தாண்டிக் குதித்தால், கோட்டைக்குள் எமிலி எதையெல்லாம் இழந்துவிட்டு வந்து நிற்கிறாள் என்பது புரியாமல் போகும்.

#6 நிலவறை

நண்பர்களே, ஒரு நடைமுறை விஷயம். கட்டடச் சொற்கள் தெரியாமல் இந்த நாவல்களைப் படித்தால் பாதிப் பயம் கைநழுவும். ஏனென்றால் பயம் அந்தந்தப் பொருள் வேலை செய்யும் விதத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

‘கேஸ்மெண்ட்’ என்றால் கீல் வைத்துக் கதவுபோல் திறக்கும் ஜன்னல். தாழ் சரியில்லை என்றால் காற்றே திறந்துவிடும், உள்ளே இருக்கும் ஒரே மெழுகுவர்த்தியும் அணைந்துவிடும். ‘வெயின்ஸ்காட்’ என்பது சுவரின்மேல் அறைந்த மரப்பலகை. அதற்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி உண்டு. எலி ஓடினாலும் ஆள் நடப்பதுபோல் கேட்கும், ரகசியக் கதவை வைத்து மறைக்கவும் தோதான இடம். ‘டேப்பஸ்ட்ரி’ சுவரில் தொங்கும் கனத்த சித்திரத் திரை. பின்னால் கதவு இருந்தால் திரை மெல்ல அசையும். ‘கேலரி’ என்றால் முன்னோர் படங்கள் வரிசையாக மாட்டிய நீண்ட நடைகூடம், ஓவியக் கண்காட்சி அல்ல. ‘டார்ன்’ மலைப்பகுதியில் இருக்கும் கறுத்த சிறுகுளம். ‘வால்ட்’ வளைகூரை போட்ட நிலவறை, பெரும்பாலும் குடும்பத்தாரைப் புதைக்கும் இடம்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு எட்கர் ஆலன் போவின் ‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’யை (1839) எடுங்கள். சுமார் 7,000 சொல்தான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஒரு கதையை ஒரே அமர்வில் படித்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் ஒருமித்த விளைவு சிதறிவிடும் என்று 1846-இல் எழுதியவர் போ. அவர் கதைகளைப் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்வதுதான் வாசகர் செய்யும் பெரிய தவறு.

அதில் மூன்று கட்டட விவரங்களைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். கூரையிலிருந்து கோணல்மாணலாக இறங்கிக் குளத்து நீருக்குள் மறையும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத விரிசல். கதைசொல்லி தூங்கும் அறைக்கு நேர் கீழே, வெகு ஆழத்தில் இருக்கும் நிலவறை. அந்த நிலவறை ஒருகாலத்தில் வெடிமருந்து வைக்கும் இடமாக இருந்ததால் அதன் தரையிலும் வளைவழியிலும் அடித்த செப்புத் தகடு. கூடவே கீலில் கிறீச்சிடும் இரும்புக் கதவு. இவை எதுவும் அலங்காரம் அல்ல. கடைசிப் பக்கங்களில் ஒவ்வொன்றும் வட்டியோடு திரும்பி வரும். அங்கே கண்ணைவிடக் காதால் படிக்க வேண்டும்.

#7 பொருளதிகாரம்

ஒரு பழைய சட்டகத்தை இதன்மேல் வைத்துப் பார்க்கிறேன். தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறது:

அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப்
பிணங்கல் சாலா அச்சம் நான்கே

அமானுடம், மிருகம், கொள்ளையர், ஆள்பவன். நல்ல கோதிக் நாவலில் இந்த நான்கும் தனித்தனியாக நிற்பதில்லை, ஒன்று இன்னொன்றின் வேடத்தில் வருகிறது. உடால்ஃபோவில் அணங்கு என்று எமிலி அஞ்சும் இடமெல்லாம், உண்மையில் அஞ்ச வேண்டியது கோட்டையில் கூடியிருக்கும் கள்வர்களையும் வீட்டுக்கு இறையான மோண்டோனியையும்தான்.

டிராகுலாவில் நான்கும் ஒரே ஆள். நான்காம் அத்தியாயத்தின் முடிவை ஒட்டி, இன்றிரவே போகிறேன் என்கிறான் ஹார்க்கர். விருந்தாளியின் விருப்பத்துக்கு மாறாக ஒரு மணி நேரம்கூட வைத்திருக்க மாட்டேன் என்று பிரபு மிகுந்த மரியாதையோடு விளக்கை ஏந்தி வந்து வாசல் கதவைத் தானே திறக்கிறார். திறக்கத் திறக்க வெளியே ஓநாய்களின் ஊளை கிட்டத்தில் வருகிறது, பற்கள் இடுக்கில் தெரிகின்றன. கதவை மூடுங்கள் என்று கத்துவது ஹார்க்கரேதான். அணங்கும் விலங்கும் இறையும் ஒரே வாசலில், அதுவும் உபசாரம் என்ற பெயரில். வாசலில் பிரபு அவனைத் தடுக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, தொல்காப்பியம் சொல்லும் நான்கில் ‘பெருமை’ ஒன்று, அளவிறந்த பெரியதைக் கண்டு திகைப்பது. 1757-இல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் எழுதிய நூலும் பெருமையையும் தெளிவின்மையையும் அச்சத்தோடு இணைத்தது. முழுதாகத் தெரிந்துவிட்டதற்கு நாம் அவ்வளவு அஞ்சுவதில்லை என்பது அவர் வாதம். ராட்கிளிஃப் தன் கட்டுரையில் பர்க்கைத் துணைக்கு அழைப்பதும் இதற்காகத்தான். அச்சமும் மருட்கையும் கலந்தால் ‘டெரர்’. மருட்கை கழன்று அருவருப்பு வந்து ஒட்டிக்கொண்டால் ‘ஹாரர்’.

#8 கருந்திரை

‘இறை’யை அங்கே பொருத்தியது மிகச் சரி. மோண்டோனிக்கு எமிலியின் உயிர் வேண்டாம், கையெழுத்துத்தான் வேண்டும். முதலில் தன் மனைவியான அவளுடைய அத்தையிடம், அவள் பெயரில் இருக்கும் பிரெஞ்சு நிலங்களை எழுதித் தரச் சொல்லி நெருக்குகிறான். அவள் மறுக்கிறாள், கோபுரத்தில் அடைக்கப்படுகிறாள். பிறகு எமிலியிடம் அதே பத்திரம் வருகிறது.

கதை நடப்பது 1584-இல். ஆனால் 1794-இன் ஆங்கில வாசகிக்கு இது பழங்கதை இல்லை. திருமணமான பெண்ணின் சொத்தைத் தனியே பாதுகாக்கும் சட்டங்கள் இங்கிலாந்தில் வந்தது 1870-இலும் 1882-இலும்தான். அதுவரை, தனி ஒப்பந்தம் எழுதி வைக்காவிட்டால், மனைவியின் பணமும் நகையும் கணவனுடையவை, நிலத்தின் வருமானமும் அவன் கையில். இது தெரிந்து படித்தால் எமிலி ஏன் அவ்வளவு அடிக்கடி மயங்குகிறாள் என்ற எரிச்சல் குறையும். பேய் வரும் காட்சிகளைவிட, நேராக நின்று கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் சொல்லும் காட்சிகளில்தான் இந்த நாவலின் நெஞ்சம் இருக்கிறது.

#9 பாழ்மாடம்

சூழல் என்று பொதுவாகச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி போலிருக்கிறது.

ஃபிராங்கன்ஸ்டைன் பற்றி யாராவது எழுதுங்கள். 1818 பதிப்பா, 1831 பதிப்பா?

#10 சுருள்படி

முதலில் கையில் இருப்பது எது என்று பாருங்கள், பல மறுபதிப்புகள் அட்டையில் சொல்வதில்லை. எலிசபெத், நாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனின் அத்தை மகள் என்று வந்தால் 1818. கோமோ ஏரிப் பக்கம் ஓர் ஏழைக் குடிசையிலிருந்து எடுத்து வளர்த்த பெண் என்றால் 1831. ஆசிரியர் முன்னுரையின் கீழே 1831 அக்டோபர் 15 என்ற தேதி இருந்தாலும் பின்னதுதான். முதல் பதிப்பு மூன்று தொகுதி, 500 படி, ஆசிரியர் பெயர் போடாமல் வந்தது.

முதல் வாசிப்புக்கு 1818 என்பேன். 1831-இல் மேரி ஷெல்லி விக்டரின் வாயில் விதி, ஊழ் என்ற பேச்சை அதிகமாக வைத்தார். 1818-இல் அவன் செய்தது அவன் செய்ததுதான், தப்பித்துக்கொள்ள இடமே இல்லை.

படங்களை மறந்துவிட்டுத் தொடங்குங்கள். மின்னல் கோபுரம் கிடையாது, கூனல் உதவியாள் கிடையாது. உயிர் வரும் காட்சி ஒரு பத்திதான்: நவம்பர் இரவு, மணி ஒன்று, ஜன்னலில் மழை, மெழுகுவர்த்தி தீரப்போகிறது, மங்கிய மஞ்சள் கண் திறக்கிறது. எட்டடி உயரம் ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. உறுப்புகள் சிறியதாக இருந்தால் வேலை மெதுவாகும் என்று பொறுமையில்லாமல் பெரிதாகச் செய்கிறான் விக்டர். தன் அவசரத்துக்காக ஓர் உயிரை ஊரோடு ஒட்டாத அளவில் படைத்துவிட்டான். அந்த உயிரின் துயரம் முழுவதும் இந்த ஒரு முடிவிலிருந்து வருகிறது.

வாசகர்கள் தாண்டிவிடும் பகுதி வால்டனின் நான்கு கடிதங்கள். தாண்டாதீர்கள். துருவப் பயணம் போகும் வால்டன் தன் சகோதரிக்கு எழுதுகிறான். அதற்குள் விக்டர் பேசுகிறான். அதற்குள் அந்த உயிர் பேசுகிறது. அதற்குள் டி லேசி குடும்பத்தின் கதை. நடுவில் அந்த உயிர் தானே பேசும் ஆறு அத்தியாயங்களை (1831-இல் 11 முதல் 16 வரை) இடைவெளி விடாமல் ஒரே நாளில் படியுங்கள். அதுவரை அதை அரக்கன் என்று சொல்லிக்கொண்டிருந்த வாய் தானாக அடைபடும்.

#11 கீல்சத்தம்

ஜெக்கில்-ஹைட்? முடிவு தெரியாதவரே இல்லையே, அதை எப்படிப் படிப்பது?

#12 நிலவறை

வழக்கறிஞர் அட்டர்சனின் கோப்பாகப் படியுங்கள். ஸ்டீவன்சன் 1886-இல் வெளியிட்டார், பத்துப் பகுதி. எட்டுப் பகுதிவரை அட்டர்சனுக்குத் தெரிந்ததே நமக்கும். கடைசி இரண்டும் ஜெக்கிலின் நண்பரான மருத்துவர் லானியன், ஜெக்கில் ஆகியோரின் எழுத்து வாக்குமூலங்கள்.

அட்டர்சனை உறுத்துவது உயிலில் இருக்கும் ஒரு வரி. ஜெக்கில் இறந்தால் மட்டுமல்ல, மூன்று மாதத்துக்குமேல் காரணமில்லாமல் காணாமல் போனாலும் சொத்தெல்லாம் ஹைடுக்குப் போய்ச்சேர வேண்டுமாம். மறைந்துபோவதை எதிர்பார்த்து எவன் உயில் எழுதுவான்? இரட்டை வேடம் தெரிந்த வாசகருக்கு இந்த வரி தெரியாதவரைவிட அதிகமாகக் குத்தும்.

இன்னொன்று, ஹைடின் முகம். பார்த்த ஒவ்வொருவரும் ஏதோ ஊனம் என்கிறார்கள், எங்கே என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தை வாசகரே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

ஹைடாக மாற ஜெக்கில் குடிக்கும் மருந்தின் விஷயமும் துல்லியம். முதலில் வாங்கிய உப்பு தீர்ந்து, புதிதாக வாங்கியதில் மருந்து வேலை செய்வதில்லை. புதிய உப்பு கலப்படம் என்று ஜெக்கில் தேடித் தேடி அலைகிறான். உண்மையில் முதல் உப்பில்தான் இன்னதென்று தெரியாத ஏதோ கலந்திருந்தது. வேலை செய்ததே அந்த அழுக்கு. திரும்பச் செய்ய முடியாத ஒரு சோதனை அது.

#13 ஏட்டுப்பூச்சி

‘டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’வைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஒரு பெரிய வீட்டில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆசிரியை, அங்கே பேய்களைப் பார்த்ததாகச் சொல்லும் கதை. பேய்கள் உண்மையா, ஆசிரியையின் மனப்பிரமையா? 1934-இல் விமர்சகர் எட்மண்ட் வில்சன் பிரமை என்று வாதிட்டதிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை. என் வாக்கு பிரமைக்கு. ஏரிக்கரையில் வீட்டைக் கவனிக்கும் மிசஸ் குரோஸுக்கு எதுவும் தெரியவில்லை. பேயைப் பார்த்ததாகத் தன் வாயால் சொல்பவள் ஆசிரியை ஒருத்திதான்.

#14 சுருள்படி

அப்படியானால் ஐந்தாம் அத்தியாயத்தை என்ன செய்வீர்கள், ஏட்டுப்பூச்சி? கோபுரத்தில் கண்ட ஆளை அவள் வருணிக்கிறாள்: தொப்பி இல்லை, சுருண்ட செம்பட்டை முடி, நீண்ட வெளிறிய முகம், நடிகன் போன்ற தோற்றம், போட்டிருப்பது வேறு யாருடைய உடையோ. அவள் அந்த ஆளை முன்பு பார்த்ததே இல்லை. கேட்ட உடனே மிசஸ் குரோஸ், அங்கே முன்பு வேலை செய்து இறந்துபோன பீட்டர் குவிண்ட் என்று பெயரையே சொல்கிறாள். பிரமைக்குச் செம்பட்டை முடி எங்கிருந்து வந்தது?

#15 ஏட்டுப்பூச்சி

நியாயமான அடி. ஊரில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கலாம் என்று சிலர் இட்டுக்கட்டுவார்கள், புத்தகத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் ஒன்று: அந்த வருணனையை நமக்குத் தருவதும் அவளே. சம்பவம் நடந்து வெகுகாலத்துக்குப் பின் எழுதியது. அவள் இறந்து இருபது ஆண்டுகளாகப் பூட்டிய இழுப்பறையில் கிடந்தது. இரண்டு வாசிப்பையும் மாற்றி மாற்றிச் சோதித்தால் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு காட்சியில் உடைகிறது. ஜேம்ஸ் இரண்டு பக்கமும் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்.

வேலைக்குச் சேரும்போது குழந்தைகளின் பெரியப்பா போடும் நிபந்தனையை மறக்காதீர்கள்: எது நடந்தாலும் எனக்கு எழுதக்கூடாது. இருபது வயதுப் பெண்ணுக்கு அந்தப் பெரிய வீட்டில் கேட்க ஆளில்லாமல் போனதற்கு அந்த ஒரு வரி காரணம். இங்கேயும் இறைதான்.

#16 நிலவறை

வரிசை கேட்டிருந்தீர்கள். முதலில் அஷர். பிறகு ஜெக்கில், இரண்டு மாலை போதும். மூன்றாவது லெ ஃபானுவின் ரத்தக்காட்டேரிக் கதை ‘கார்மில்லா’. 1872-இல் நூலானது, டிராகுலாவுக்கு 25 ஆண்டு மூத்தது, நூறு பக்கம்தான். அது முடிந்தால் டிராகுலா பழக்கப்பட்ட நிலம் ஆகிவிடும். அதன்பின் ஃபிராங்கன்ஸ்டைன், டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ, கடைசியில் உடால்ஃபோ. எந்தப் பதிப்பானாலும் பேராசிரியர்கள் எழுதிய முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். அவை முடிச்சுகளை முதல் பக்கத்திலேயே அவிழ்த்துவிடும். ஆசிரியரே எழுதிய முன்னுரை வேறு, அதைப் படிக்கலாம்.

ஓட்ராண்டோவை நான் சேர்க்கவில்லை. கல்யாண நாளில் வானத்திலிருந்து ராட்சதத் தலைக்கவசம் விழுந்து மாப்பிள்ளை நசுங்குகிறான், ஓவியம் சட்டகத்தை விட்டு இறங்கி நடக்கிறது, சிலைக்கு மூக்கில் ரத்தம். இன்று முதல் நூலாகக் கொடுத்தால் வாசகர் சிரித்துவிட்டு விலகிவிடுவார்.

#17 பொருளதிகாரம்

முதல் நூலாக வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். ஏட்டுப்பூச்சி முதலில் சொன்ன ஆவணக் கணக்கு அங்கேதான் பிறந்தது. 1764 டிசம்பரில் அது வால்போல் பெயரில் வரவில்லை. வட இங்கிலாந்தில் ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்தின் நூலகத்தில் கிடைத்த ஏடு, 1529-இல் நேபிள்ஸில் அச்சானது, எழுதியவர் ஓனுஃப்ரியோ முரால்டோ என்ற பாதிரியார், மொழிபெயர்த்தவர் வில்லியம் மார்ஷல் என்று தலைப்புப் பக்கமும் முன்னுரையும் சொல்லின. அத்தனையும் கற்பனை. பழைய நம்பிக்கைகளின் சாட்சியமாக எண்ணிப் படித்தவர்களுக்குத் தலைக்கவசம் சிரிப்பாக இருக்கவில்லை. 1765-இல் இரண்டாம் பதிப்பில் நான்தான் எழுதினேன் என்று வால்போல் ஒத்துக்கொண்டு, ‘ஒரு கோதிக் கதை’ என்ற துணைத் தலைப்பையும் சேர்த்தார். முதல் பதிப்பைப் பொறுத்துக்கொண்ட ஒரு விமர்சகர் இப்போது கடிந்துகொண்டார். கதை அதே கதைதான், ஏட்டின் வயது மட்டும் 236 ஆண்டு குறைந்துவிட்டது.

ஆகவே இரண்டு முன்னுரையும் உள்ள பதிப்பாகத் தேடி எடுங்கள். முதல் பதிப்பின் முன்னுரையைக் கதைக்கு முன்னும், இரண்டாவதைக் கதை முடிந்த பின்னும் படியுங்கள். மொத்தம் ஐந்து அத்தியாயம்தான்.

#18 நிலவறை

அந்த வரிசையில் படித்தால் சேர்த்துக்கொள்ளலாம். கார்மில்லாவுக்கும் டிராகுலாவுக்கும் நடுவில் வைத்துவிடுகிறேன்.